பிப்பாவாக இருப்பது

கரடி பொம்மையை டப்பாவுக்குள் வை என்றேன். லெய்ட்டன் வைத்தார். கரடியை டப்பாவுக்கு வெளியே எடு என்றேன். எடுத்தார். டப்பாவுக்குப் பின்னால் வை என்றதும், முப்பத்தொன்பது வயது மனிதர், கேரட் கழுவும் ஆலையில் மாலை ஷிப்ட் பார்க்கிறவர், கரடியைத் தன் சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு, "கரடி வேலைக்குப் போயிருச்சும்மா" என்றார். அந்த வாரத் தாளில் இதற்கும் வழி சொல்லியிருந்தது. குழந்தை வேறு எதையாவது செய்தால் சிரியுங்கள், பிறகு மெதுவாக இன்னொரு முறை சொல்லுங்கள். நான் சிரித்தேன். பிறகு மெதுவாக இன்னொரு முறை சொன்னேன்.

எங்கள் வேலை முறையே அதுதான். இரண்டிலிருந்து நாலு வயதுவரை உள்ள பிள்ளைகளுக்கு வீட்டிலேயே, வீட்டுச் சாமான்களை வைத்தே, உள்ளே வெளியே, பெரியது சிறியது, ஒரே மாதிரி வேறு மாதிரி என்று விளையாட்டாகச் சொல்லிக்கொடுக்கும் திட்டம். ஆனால் பிள்ளைக்கு நாங்கள் நேராகச் சொல்லிக்கொடுப்பதில்லை. வாரம் ஒருநாள் வீட்டுக்குப் போய், அடுக்களை மேசையில் பெற்றவரோடு உட்கார்ந்து, முதலில் ஒருவர் பிள்ளையாகவும் மற்றவர் பெற்றவராகவும் அந்த வார விளையாட்டை ஆடிப்பார்க்க வேண்டும். பிறகு ஆளை மாற்றிக்கொண்டு இன்னொரு தடவை. அதற்கப்புறம் அவர்கள் தங்கள் பிள்ளையோடு நாளுக்குக் கால் மணிநேரம், வாரத்தில் ஐந்து நாள் ஆடுவார்கள். முடித்த தாள்களை அடுத்த வாரம் நான் வாங்கிக்கொண்டு, நட்சத்திரம் ஒட்டிய ஒன்றை மட்டும் வீட்டில் மாட்டிவைக்க விட்டுவிட்டு, புதுத் தாள்கட்டைக் கொடுப்பேன். இதற்குப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை. நான் இதே ஊரில், வின்யார்ட் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்து, எட்டு வருஷம் வெங்காயம் பொதி கட்டியவள். என் மகன் இந்தத் திட்டத்தில் இருந்தபோது ஒழுங்காகத் தாள்களை முடித்துக் கொடுத்தேன் என்று என்னையே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

பக்கத்துப் பெரிய ஊரான பர்னியில் மூன்று நாள் பயிற்சி கொடுத்தார்கள். அதில் எனக்கு மறக்காத விதி ஒன்று. பிள்ளையாக நடிக்கும்போது ஒவ்வொரு விளையாட்டிலும் ஒரு தடவையாவது தப்பாகச் செய்ய வேண்டும். எதிரே இருக்கிற பெற்றவர் அப்போது "தப்பு" என்று சொல்லக்கூடாது, "சேர்ந்து பாக்கலாமா" என்று சொல்லப் பழக வேண்டும். நான் வழக்கமாக நிறத்தில் தப்பு செய்வேன். நீலத்தைக் கேட்டால் பச்சையைக் கொடுப்பேன். அதில் யாருக்கும் சந்தேகம் வராது.

எனக்குப் பத்து வீடு. பெரும்பாலான வீடுகளில் இந்த நடிப்புக்கு வெட்கப்படுவார்கள். "சரி சரி, புரிஞ்சுது, தாளைக் குடுத்துட்டுப் போங்க" என்பார்கள். ஒரு வீட்டில் அம்மா பிள்ளையாக நடிக்கும்போதெல்லாம் ஃபோனைப் பார்ப்பாள், அவள் பிள்ளையும் அதைத்தான் செய்யும் என்பாள். லெய்ட்டன் மட்டும்தான் முதல் புதன்கிழமையிலிருந்து வெட்கமே படாதவர். பிள்ளையாக இருக்கும்போது சட்டைக் கையைக் கடிப்பார், மேசைக்கு அடியில் காலாட்டுவார். அப்பாவாக இருக்கும்போது என் பச்சையைப் பார்த்து முகம் மாறாமல், "அட, இது இலை நிறமாச்சே கண்ணு. வானம் நிறத்துல ஒண்ணு தேடலாமா" என்பார். என்னை டீச்சரம்மா என்று கூப்பிடுவார். டீச்சர் இல்லை என்று நாலு தடவை சொல்லிவிட்டு விட்டுவிட்டேன்.

அவர் மனைவி ஷோனா முதியோர் இல்லத்தில் வேலை. காலை ஆறு மணிக்கே போய்விடுவாள். அவர் ஆலைக்குக் கிளம்புவது இரண்டு மணிக்கு. இடையில் உள்ள நேரத்தில் மகள் பிப்பா அவர் பொறுப்பு. நான் போகும் பத்து மணிக்குப் பிப்பா எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பாள். இல்லாவிட்டால் லெய்ட்டனின் அக்கா வீட்டில் இருப்பாள். மாதம் ஒரு தடவையாவது பிள்ளையை நேரில் பார்த்து, பதிவுத் தாளில் அதற்கான கட்டத்தில் டிக் போட வேண்டும் என்பது விதி. பிப்பாவை நான் பார்த்தது இரண்டே தடவை. ஒரு தடவை டிரக்கின் பின்இருக்கையில், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு. இன்னொரு தடவை ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த படத்தில். ஐந்து மாதத்துக்கு ஐந்து டிக் போட்டிருந்தேன். மற்ற வீடுகளில் பிள்ளைகள் என் மடியில் ஏறி, பையைக் கவிழ்த்து, பாலைக் கொட்டி, எந்த விளையாட்டும் பாதிக்கு மேல் போகாது. அந்த வீட்டில் மட்டும் எல்லாம் தாளில் உள்ளபடி முதலிலிருந்து கடைசி வரை நடக்கும். டீ சூடாக இருக்கும்போதே குடிப்பேன். அந்த வீட்டுக்குப் போக எனக்குப் பிடித்திருந்தது. காரணம் அவ்வளவுதான்.

முடித்த தாள்களை அவர் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வார வரிசைப்படி வைத்திருப்பார். பந்துக்குள் நிறம் தீட்டுவது, பெரிய வாளியிலிருந்து சிறிய வாளிக்குக் கோடு போடுவது, எல்லாம் நடுங்கி நடுங்கிப் போன கிரேயான் கோடுகள். ஒரு வாரம்கூட விடுபட்டதில்லை. நான் ஒவ்வொன்றிலும் நட்சத்திரம் ஒட்டினேன்.

அக்டோபர் கடைசியில், டூலிப் பூ வயல்களைப் பார்க்க வந்துகொண்டிருந்த சுற்றுலாப் பஸ்கள் நின்றுபோன வாரத்தில், எங்கள் ஒருங்கிணைப்பாளர் க்ளெனிஸ் ஃபோன் செய்தாள். வருஷக் கடைசிக் கூட்டம் டிசம்பரில் நூலகத்தில் நடக்கும். நகர மன்றத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். ஒரு பிள்ளையின் எல்லாத் தாள்களையும் சுவரில் வரிசையாக மாட்டுவோம். அந்தப் பிள்ளை எல்லோர் முன்னாலும் ஏதாவது ஒரு சின்ன விளையாட்டை ஆடிக்காட்டும். "உன் வீடுகள்ல ஒரு தாள்கூட விடாத பிள்ளை ஒண்ணு இருக்கே, அந்த கேரட் ஆலைக்காரர் பொண்ணு. அதைப் போட்டுருவோம்" என்றாள். நான் சரி என்றேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த புதன்கிழமை, பத்தொன்பதாவது வாரத் தாள்களை வாங்கியபோது இதைச் சொன்னேன். லெய்ட்டன் டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எல்லார் முன்னாடியுமா?"

"ரெண்டு நிமிஷம்தான். சாக்ஸை ஜோடி சேக்கிறது மாதிரி ஏதாவது."

"உங்ககிட்ட வேற பிள்ளையே இல்லையா டீச்சரம்மா?"

"இருக்கு. உங்க பொண்ணு மாதிரி எல்லாத் தாளும் முடிச்ச பிள்ளை இல்ல."

"நாங்க டிசம்பர்ல மெல்போர்ன் போனாலும் போவோம்" என்றார். பிறகு, "கப்பல்ல. பிப்பாவுக்குக் கப்பல் காட்டணும்" என்றார். பிறகு, "என்ன தேதி?" என்றார். தேதியைச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே என் டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை போட்டார். நான் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. ஐந்து மாதமாக அவருக்கு அது தெரியும். அந்த டீயை நான் குடித்து முடித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சுவரில் மாட்ட வசதியாக இருக்கட்டும் என்று பிப்பாவின் பத்தொன்பது வாரத் தாள்களையும் கூடத்துக் கம்பளத்தில் வரிசையாகப் பரப்பினேன். எவ்வளவு இடம் பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள, காரில் கிடந்த இன்னொரு வீட்டுத் தாள்களையும் கீழே இன்னொரு வரிசையாக வைத்தேன். அது ஜெட் என்கிற பையனுடையது. ஆறு வாரம் விடுபட்டது, ஒன்றில் காப்பிக் கறை. ஜெட் முதல் வாரத்தில் போட்ட கோடு தாளை விட்டு வெளியே ஓடியிருந்தது. நாலாவது வாரத்தில் தாளுக்குள் நின்றது. பத்தாவது வாரத்தில் வட்டம் என்று ஒன்று முட்டை மாதிரி வந்தது. அப்புறம் வந்த வட்டங்கள் மூடிக்கொண்டன. பதினேழாவது வாரத்தில் வட்டத்துக்குள் இரண்டு புள்ளி வைத்து மூஞ்சியாக்கியிருந்தான். மேல் வரிசையில் பிப்பாவின் முதல் வாரக் கோடு நடுங்கியது. பத்தாவது வாரக் கோடும் அதே அளவுக்கு நடுங்கியது. பத்தொன்பதாவது வாரக் கோடும் அப்படித்தான். முட்டி போட்டு இரண்டு வரிசையையும் இரண்டு தடவை பார்த்துக்கொண்டே போனேன். ஒரு பிள்ளையின் கை ஐந்து மாதம் அப்படியே நிற்காது. முதல் வாரத்திலேயே வளர்ந்து முடிந்துவிட்ட கை அது.

நான் முதலில் நினைத்தது பிப்பாவை அல்ல. என் ஐந்து டிக்குகளை. இதை க்ளெனிஸிடம் சொன்னால் அவள் முதலில் எடுத்துப் பார்ப்பது என் பதிவுத் தாளைத்தான். சொல்லாவிட்டால் டிசம்பரில் நூலகத்தில், நகர மன்றத்துக்காரர்கள் முன்னால், இதுவரை ஒரு வார்த்தை பேசி நான் கேட்டிராத ஒரு குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அதற்கப்புறம்தான் குழந்தையை நினைத்தேன். மூன்று வயது முடியப்போகிறது. பிள்ளையின் வளர்ச்சியில் ஏதோ இருக்கிறது என்றால் அதைப் பார்க்கச் சொல்லி எழுதிக்கொடுக்க எங்களிடம் ஒரு தாள் உண்டு. பெற்றவர் கையெழுத்துப் போட்டால் அது பிள்ளைகள் நல நர்ஸுக்குப் போகும், அங்கிருந்து பர்னியில் உள்ள டாக்டருக்கு, அங்கே பெரிய வரிசை. வரிசையில் எவ்வளவு சீக்கிரம் நிற்கிறோமோ அவ்வளவு நல்லது என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். கையெழுத்து இல்லாவிட்டால் ஒன்றும் நகராது. அந்தத் தாளில் ஒன்றை எடுத்துப் பையின் பக்க அறையில் வைத்தேன். தாள்களை வார வரிசைப்படி உறையில் திரும்பப் போட்டேன்.

புதன்கிழமை காற்று பலமாக இருந்தது. இருபதாவது வாரம், காலுறை விளையாட்டு. துவைத்த காலுறைகள் ஆறு ஜோடியைக் கலைத்து ஒரு கூடையில் போட்டு, பிள்ளையை ஜோடி சேர்க்கச் சொல்ல வேண்டும். லெய்ட்டன் கூடையைத் தயாராக மேசையில் வைத்திருந்தார். டீ போடவில்லை. சவரம் செய்திருக்கவில்லை. எதை எப்படித் தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன், ஒன்றும் அகப்படவில்லை. அதனால் தாளை எடுத்து வைத்தேன்.

"முதல்ல யாரு பிப்பா?" என்றேன்.

"நான்" என்றார்.

நாற்காலியை மேசைக்கு நெருக்கி இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் தாளில் உள்ள முதல் வரியை வாசித்தேன். "பிப்பா, இந்தச் சாக்ஸ் மாதிரியே இன்னொண்ணு எங்க இருக்கு?" வழக்கமாக இந்த இடத்தில் கீச்சுக் குரலில் ஏதாவது பேசுவார். இப்போது கூடையிலிருந்து ஒரு காலுறையை எடுத்து, அதன் மேல்விளிம்பைக் காதுப்பக்கம் கொண்டுபோய், இழுத்து இழுத்து விட்டார். பிறகு அதை மேசையின் விளிம்போடு ஒட்டி நீட்டி வைத்தார். இன்னொன்றை எடுத்தார். காதுப்பக்கம் இழுத்துப் பார்த்தார். முதல் காலுறைக்குப் பக்கத்தில், விரல்நுனி ஜன்னலைப் பார்க்கும்படி, இடைவெளி இல்லாமல் வைத்தார். ஒன்று சாம்பல் நிறம், ஒன்று சிவப்பு. நிறத்தைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

"பிப்பா, இங்க பாரு" என்றேன். பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்காமல் இருப்பவரின் முகம் இல்லை அது. வேலையில் இருப்பவரின் முகம். பொதி கட்டும் இடத்தில் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது எங்கள் முகமெல்லாம் அப்படித்தான் இருக்கும். அதுவரை அவர் நடித்த கீச்சுக்குரல் பிள்ளை எந்த வீட்டிலும் இல்லாத பிள்ளை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தாளில் அடுத்து எழுதியிருந்ததைச் செய்தேன். குழந்தைக்குப் புரியாவிட்டால் ஒரு காலுறையை எடுத்துக் காட்டுங்கள். வரிசையிலிருந்து சிவப்பை எடுத்தேன்.

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகையா கோபமா என்று சொல்ல முடியாது. ஆறடி உயரம் உள்ள மனிதர் நாற்காலியிலிருந்து நழுவி மேசைக்கு அடியில் போனார். முழங்கால் மேசைக்காலில் இடித்தது. இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "லெய்ட்டன்" என்றேன். அவருடைய ஆலைப் பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் காலியாக இருந்தது.

வேறு எதுவும் தோன்றாததால் சிவப்புக் காலுறையை அது இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே, விரல்நுனி ஜன்னலைப் பார்க்க வைத்தேன். காத்திருந்தேன். சுவர்க்கடிகாரத்தில் நாலு நிமிஷம் போனது. பிறகு அவர் எழுந்து வந்து உட்கார்ந்தார். சிவப்பை ஒரு விரல்கடை நகர்த்திச் சரிசெய்தார். நான் ஒன்றும் பேசாமல் கூடையிலிருந்து அடுத்த காலுறையை எடுத்து நீட்டினேன். அவர் என் கையையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, ஆனால் வாங்கினார். அடுத்ததை நீட்டினேன். வாங்கினார். பன்னிரண்டு காலுறையும் வரிசையில் வந்து சேர்ந்தன. கூடையைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்தார்.

"அவ்வளவுதான்" என்றார், அவருடைய சொந்தக் குரலில். "நல்ல நாள்ல இவ்வளவு."

முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். நான் காலுறைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். "தாளெல்லாம்?" என்றேன்.

"இடது கையால. முதல் வாரம் அவகூட உக்காந்து பாத்தேன். கிரேயானை வரிசையா அடுக்குனா, நான் ஒண்ணை எடுத்தேன், அன்னிக்குப் பூரா மேசைக்கு அடியில. செவ்வாக்கிழமை ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து நானே போட்டேன். சும்மா ஒரு வாரம்தானேன்னு. நீங்க ஸ்டார் ஒட்டிட்டீங்க."

"நான் ஒட்டினதாலயா?"

"உங்களைச் சொல்லல. ஷோனா அதைப் பாத்துட்டு அழுதா. சந்தோஷத்துல. ஃபிரிட்ஜ்ல மாட்டுனா. அப்புறம் எங்க நிறுத்துறது?"

இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

"அவ சாயங்காலம் வந்து பிப்பாகூட அதே விளையாட்டை ஆடப் பாப்பா. பிப்பா திரும்பிக்கூடப் பாக்கமாட்டா. எங்கிட்ட கேப்பா, உங்கிட்ட மட்டும் எப்படிச் செய்யறான்னு. நான் என்ன சொல்றது. காலையில மூடு நல்லா இருக்கும்னு சொல்லுவேன். போன ஞாயித்துக்கிழமை கேட்டா, நான் என்ன அம்மா, எம்பிள்ளைக்கு எம்மேல என்ன கோவம்னு. அஞ்சு மாசமா அதை மனசுல வெச்சிருந்திருக்கா."

"அவங்ககிட்ட சொல்லிட்டீங்களா?"

"நேத்துச் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"காலையில அஞ்சரைக்கு எழுந்தா, தாளையெல்லாம் ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்து அடுக்கி வெச்சிட்டு வேலைக்குப் போயிட்டா. கிழிக்கக்கூட இல்ல."

பையின் பக்க அறையில் இருக்கும் தாளைப் பற்றிச் சொன்னேன். யார் பார்ப்பார்கள், எங்கே, வரிசை எவ்வளவு நீளம் என்பதையெல்லாம் பயிற்சியில் சொன்ன ஒழுங்கிலேயே சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "எழுதிட்டா அழிக்க முடியாதுல்ல" என்றார்.

"எதை?"

"என்னை எட்டு வயசுல எழுதினாங்க. வாசிக்க வரலைன்னு. ஒரே ஒரு தாள்தான். அதுக்கப்புறம் ஸ்கூல் முடியிற வரைக்கும் நான்தான் அந்தத் தாள். பின்னாடி மரக்கொட்டகை வகுப்பு. உங்களுக்குத் தெரியுமே, நீங்களும் அங்கதானே படிச்சீங்க."

தெரியும். நான் அவருக்கு மூன்று வகுப்பு கீழே. சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு அந்தக் கொட்டகையைத் தாண்டித்தான் போக வேண்டும். நாங்கள் சும்மா தாண்டிப் போனதில்லை. ஜன்னலுக்குக் கீழே நின்று எழுத்துகளைச் சத்தமாக, இழுத்து இழுத்துச் சொல்லிவிட்டு ஓடுவோம். உள்ளே இருந்த முகங்களில் ஒன்று அவருடையது என்று இந்த ஐந்து மாதத்தில் எனக்கு ஒரு தடவையும் தோன்றவில்லை. அவருக்கு என்னைத் தெரிந்திருந்ததா என்று கேட்கவில்லை. என் ஐந்து டிக்குகளைப் பற்றி மட்டும் சொன்னேன். பார்க்காமலே போட்டேன் என்றேன்.

"அப்ப ரெண்டு பேரும் இடது கைதான்" என்றார்.

"இன்னிக்கு க்ளெனிஸ்கிட்ட சொல்லப்போறேன்."

"வேலை போயிருமா?"

"தெரியல."

அவர் எழுந்து அடுக்களையின் பின்கதவைத் திறந்தார். "பிப்பா தூங்கல. எப்பவுமே தூங்கினதில்ல. வாங்க. பேசாம வாங்க, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டாம்" என்றார்.

பின்முற்றத்தில் புல் ஈரமாக இருந்தது. குடை மாதிரி விரிந்த துணிக்கொடியில் ஆலைச் சட்டைகளும் ஷோனாவின் நீலச் சீருடையும் காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. அங்கிருந்து வேலிவரை ஒரு சிமெண்டுப் பாதை. அதன் ஓரத்தில் ரப்பர் பூட்ஸும் மஞ்சள் மழைச்சட்டையும் போட்ட ஒரு சின்ன உருவம் குந்தியிருந்தது. பக்கத்தில் துணிக்கு மாட்டும் கிளிப்புகள் நிறைந்த வாளி. அவள் ஒவ்வொரு கிளிப்பாக எடுத்து, காதுப்பக்கம் கொண்டுபோய் இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, பாதையின் நடுவில் வைத்துக்கொண்டு வந்தாள். வேலியில் தொடங்கிய வரிசை பாதைக்குப் பாதி தூரம் வந்திருந்தது. நூல் பிடித்து அடித்த மாதிரி நேராக இருந்தது. நான் பாதையில் நின்றுகொண்டிருந்தேன். விலகலாம் என்று காலைத் தூக்கப் பார்த்தேன்.

"நில்லுங்க" என்றார் லெய்ட்டன், உதடு அசையாமல். "இப்ப அசைஞ்சா கலைஞ்சிரும்."

நின்றேன். அவள் ஒரு கிளிப், ஒரு கிளிப்பாக என்னை நோக்கி வந்தாள். பக்கத்தில் வந்தபோது அவள் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. நெற்றி லெய்ட்டனுடையது. கன்னத்தில் காய்ந்த ஜாம். என் வலதுகால் ஷூ வரிசைக்கு நேர் குறுக்கே இருந்தது. அதற்கு ஒரு சாண் முன்னால் அவள் நின்றாள். கையில் கிளிப்பை வைத்துக்கொண்டு ஷூவைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். லெய்ட்டன் இரண்டு கையையும் முன்னால் நீட்டியபடி, ஏதோ விழப்போகிற பாத்திரத்தைப் பிடிக்கப்போகிறவர் மாதிரி நின்றார். ஒரு சட்டை கொடியில் படபடவென்று அடித்துக்கொண்டது.

அவள் கிளிப்பை என் ஷூவின் மேல், கயிற்று முடிச்சுக்குப் பக்கத்தில் வைத்தாள். கொஞ்சம் சாய்ந்தது. நேராக்கினாள். அடுத்த கிளிப்பைக் காதுப்பக்கம் கொண்டுபோனாள்.

லெய்ட்டன் கைகளைக் கீழே இறக்கினார். "எந்தப் பக்க அறை?" என்றார்.

"இடது பக்கம். பேனாவும் அதுலயே இருக்கு."

அவர் உள்ளே போய், மேசையில் இருந்த என் பையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். தாளை வெளியே எடுத்துத் துணிக்கொடிக் கம்பத்தில் வைத்துக் கையால் அழுத்திக்கொண்டார். காற்று தாளின் மூலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. முதல் கேள்வியை விரலை வைத்து, ஒவ்வொரு வார்த்தையாக, உரக்க வாசித்தார். "பிள்ளை, எதைச், செய்யும்போது, சந்தோஷமாக, இருக்கிறது." பேனா மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார். எதையும் எழுதாமல் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றார். வரிசை என் ஷூவின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கியிருந்தது. என் குதிகால் மரத்துப்போகத் தொடங்கியிருந்தது. காற்று வரும்போதெல்லாம் கயிற்று முடிச்சுக்குப் பக்கத்தில் இருந்த கிளிப் ஆடியது, விழவில்லை. வாளியில் இன்னும் பாதிக்கு மேல் இருந்தது.